எல்லார் காதுலயும் நானே

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்க தம்பி. அந்தப் பைக்குள்ள ஒரு இசைக்குழுவோட மானம் மொத்தமும் கிடக்கு. மேல கம்பியில வச்சா விழுந்திரும், மடியில வச்சா புழுங்குது, அதான் கீழ வச்சேன். திருச்சி வரைக்குமா? நானும் அங்கதான் போறேன். அப்ப நிதானமாவே சொல்லலாம்.

என்னை எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கணுமே? இல்லையா? திண்டுக்கல்லதானே ஏறினீங்க? திண்டுக்கல்காரரா இருந்துக்கிட்டு 'திரவியம் இன்னிசை மழை' கேள்விப்பட்டதில்லைன்னா, சரி, வெளியூர்ல தங்கிப் படிச்சிருப்பீங்க. நான்தான் திரவியம். இன்னிசையும் நான்தான், மழையும் நான்தான். மத்தவங்க எல்லாம் கூட வாசிக்கிறவங்க. என் சம்சாரம் பொற்கொடி, பொம்பளைக் குரலுக்கு அவ. கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, எங்க கூப்பிட்டாலும் நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு டூயட் பாடுவோம். சனங்க அப்படியே சொக்கிப் போயிருவாங்க. கொஞ்சப் பேரு எந்திரிச்சுப் போவாங்க, அது சாப்பிட.

வர்ற வெள்ளிக்கிழமை நத்தத்துல கோயில் கச்சேரி. அந்த மேடையில நான் பாடுறேனா இல்லையாங்கிறதுதான் இப்பக் கேள்வி. இல்லைன்னு உத்தரவு போட்டாச்சு. யாருங்கிறீங்க, என் சம்சாரம்தான். இருபது வருஷத்துக்கு மேல என் பக்கத்துல நின்னு பாடினவ, "இந்தத் தடவை நீங்க கீழ உட்காருங்க"ன்னு சொல்லிட்டா. அதுக்குத்தான் இந்தத் திருச்சிப் பயணம். இதை வித்த கடைக்காரன் 'ஆமா, செட்டுல கோளாறு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், போன்ல பொற்கொடிக்கிட்ட பேசச் சொல்லிருவேன். மைக் திரும்ப என் கைக்கு வந்திரும். கோளாறு மெஷின்லதானே, எனக்கென்ன.

என்ன மெஷினா? காதுக்குள்ள மாட்டுற மானிட்டர் தம்பி. வயர்லெஸ். உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். மேடையில பாடுறவனுக்குத் தன் சத்தம் தனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா சுருதி எங்கேயாவது போயிரும். இது வர்றதுக்கு முன்னாடி எல்லாம் காலடியில ஒரு ஸ்பீக்கர் பெட்டியைச் சாய்ச்சு வச்சிருப்போம், எங்களைப் பார்த்து. அதுல என் குரல் கணீர்னு வரும். நான் வைக்கச் சொல்ற சத்தத்துல மேடைப் பலகையே ஆடும். எல்லாருக்கும் நான் கேட்டேன். எல்லாரும் என்னைக் கேட்டாங்க. குடும்பம் மாதிரி இருந்தோம்.

அதுக்கு ஆப்பு வச்சது பொற்கொடியோட இடது காது. ஏதோ ஙொய்யுன்னு வண்டு கத்துற மாதிரி கேட்டுக்கிட்டே இருக்குன்னா. தூக்கம் வரலைன்னா. காது டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "மேடையில உங்க இடது பக்கம் என்னம்மா இருக்கு"ன்னு கேட்டாரு. "இவருதான் இருக்காரு"ன்னா. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. படிச்சவரு, பாட்டு ரசனை இல்ல போல. சத்தத்தைக் குறைக்கலைன்னா காது போயிரும்னு சொல்லி அனுப்பிட்டாரு.

நானா பொண்டாட்டி காது போனா பரவாயில்லைன்னு இருக்கிறவன்? அவளுக்காகத்தான் தம்பி இதை வாங்கினேன். அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாய்ங்க. வெளிநாட்டுப் பாடகருங்க காதுல மாட்டுற செட்டு ஒரு காரு விலை. நமக்கு எதுக்கு அந்த ஆடம்பரம். திருச்சிக் கடையில மலிவு மாடல் இருந்துச்சு. இடுப்புல சொருக ஒரு தீப்பெட்டி சைஸ் டப்பா, அதுலேருந்து ஒரு வயர், காதுக்குள்ள ரெண்டு குமிழு. ஆளுக்கு ஒரு செட்டு. எங்க சவுண்டு ஜெகன் வச்சிருந்த, எல்லார் சத்தத்தையும் கலந்து அனுப்புற புது மிக்சரோட சேர்த்துட்டா, ஒவ்வொருத்தரும் தன் செல்போன்லயே தன் காதுக்கு யார் சத்தம் எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஏத்திக்கலாம், இறக்கிக்கலாம், வேண்டாம்னா மூடிக்கலாம். யாருக்குமே அப்படி ஒரு சுதந்திரத்தைக் கொடுக்கக் கூடாது தம்பி. குடும்பஸ்தன் சொல்றேன், கேட்டுக்கங்க.

முதல் கச்சேரியில நாங்க அத்தனை பேரும் காதுல வயரோட வரிசையா ஏறினப்ப, கோயில் கமிட்டியில ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. "குழு முழுக்கக் காது கேக்காதவங்களா? பாவம்ப்பா, முதல்ல சாப்பாட்டைப் போடுங்க"ன்னாரு. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு.

எனக்கு என்ன வேணும்னு ஜெகன் கேட்டான். என் குரல், கொஞ்சம் எக்கோ, கீபோர்டு லேசா, அவ்வளவுதான்னேன். "அக்கா குரல் வேண்டாமா அண்ணே?"ன்னான். அவ என்ன பாடுவான்னு எனக்குத் தெரியாதாடான்னேன். அப்புறம் ஆரம்பிச்சேன் பாருங்க. காதுக்குள்ள என் குரல் நேரா வந்து இறங்குச்சு. கூட்டத்துச் சத்தம் கிடையாது, டிரம்சு இரைச்சல் கிடையாது, சுத்தமா நான் மட்டும். எனக்கே கண்ணு கலங்கிருச்சு தம்பி. இத்தனை வருஷமா சனங்க எதை அனுபவிச்சிருக்காங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

எனக்கு மட்டுமில்ல, குழுவே மாறிப் போச்சு. தாளத்துக்கு டிரம்ஸ் பேடு வாசிக்கிறவன் சிக்கந்தர், தன் கல்யாண போட்டோவுலயே சிரிக்காதவன், மேடையில சிரிச்சுக்கிட்டு வாசிச்சான். கீபோர்டு எட்வின் கச்சேரிக்கு முன்னாடி ஒரு தலைவலி மாத்திரை, பின்னாடி ஒரு மாத்திரைன்னு போடுவான், அதை விட்டுட்டான். பொற்கொடிக்குக் காதுல அந்த வண்டுச் சத்தம் நாளாக நாளாகக் குறைஞ்சிருச்சு, நல்லாத் தூங்கினா. அதை விட இன்னொண்ணு. டூயட் பாடுறப்ப அவ என்னையே பார்க்க ஆரம்பிச்சா. முன்னாடி எல்லாம் கூட்டத்தைப் பார்ப்பா, புடவையைச் சரி பண்ணுவா, வாட்சைப் பார்ப்பா. இப்ப வச்ச கண்ணு வாங்கலை. நான் வரியைப் பாடி முடிக்கிற வரைக்கும் அப்படியே பார்த்துக்கிட்டு நிப்பா. இந்த வயசுல இது வேணுமான்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு. மலிவுதான்னாலும் கடைக்காரன் நல்ல சாமானா கொடுத்திருக்கான்னு நினைச்சேன்.

இதெல்லாம் எதனாலங்கிறது என் கண்ணுல படாமலே இருந்திருக்கலாம். பட்டிருச்சு. ஒட்டன்சத்திரத்துல ஒரு ரிசப்ஷன். மத்தியானமே சவுண்டு செக்கிங் முடிச்சுட்டு டப்பாவை எல்லாம் கழட்டி மேசையில வச்சுட்டு அத்தனை பேரும் பந்திக்கு ஓடிட்டாய்ங்க. நான் ஓடலை. தொழில் பக்தி. ஒரு பல்லவியைப் பாடிப் பார்க்கலாம்னு பார்த்தா என் டப்பாவுல சார்ஜ் இல்ல. சரின்னு சிக்கந்தர் டப்பாவை எடுத்து மாட்டிக்கிட்டுப் பாடுறேன், ஆளையே காணோம். டப்பா செத்துப் போச்சோன்னு கீபோர்டுல ஒரு கட்டையை அமுக்கினேன், டாண்ணு கேட்டுச்சு. பொற்கொடி மைக்கைத் தட்டினேன், டொப்புன்னு கேட்டுச்சு. என் மைக்குக்கு வந்து அடிவயித்துலேருந்து பாடுறேன், சிக்கந்தர் காதுல நான் இல்லை.

எட்வின் டப்பாவை எடுத்தேன். இல்லை. பேஸ் கிதார் வாசிக்கிறவன் டப்பா, இல்லை. மண்டபத்து ஸ்பீக்கர் பூரா நான் அதிருறேன், இவைங்க காதுல ஒருத்தன் காதுலயும் இல்லை. சமையல்கட்டுலேருந்து ஒருத்தர் கரண்டியோட வந்து, "அண்ணே, செக்கிங் நல்லா இருக்கு, போதும்ணே"ன்னு கும்பிட்டுட்டுப் போனாரு. கடைசியா பொற்கொடி டப்பா மிச்சம் இருந்துச்சு. அதையும் எடுத்து மாட்டினேன். அவ காதுல அவ இருக்கா, கீபோர்டு இருக்கு, தாளம் இருக்கு, சிக்கந்தர் குச்சியைத் தட்டுற சத்தம் கூட வருமாம். தாலி கட்டினவன் இல்லை.

விடுவேனா? என்னை எதுக்குடா மூடினீங்கன்னு இலையிலேருந்தே எழுப்பினேன். சிக்கந்தர் ரசத்தைக் கையில வச்சுக்கிட்டு, "தாளம் கேக்கணும்ல அண்ணே"ன்னான். நான் பாடினா தாளம் கேக்காதாடான்னேன். "கேக்கும் அண்ணே, அது வேற தாளமாக் கேக்கும்"னான். எட்வின் கொஞ்சம் மரியாதைப்பட்டவன். "உங்களைக் கொஞ்சம் குறைச்சேன் அண்ணே"ன்னான். கொஞ்சமா? முழுசா மூடியிருக்கேடான்னேன். "குறைச்சுக் குறைச்சுப் பார்த்தேன் அண்ணே, அங்க வந்ததும்தான் சுருதி நின்னுச்சு"ன்னான். எவ்வளவு நாசூக்காப் பேசுறாய்ங்க பாருங்க. சுருதி நிக்கலைன்னா கீபோர்டை சர்வீசுக்குக் கொடுக்க வேண்டியதுதானே.

பொற்கொடி மணப்பொண்ணு ரூமுக்குப் பக்கத்துல உட்கார்ந்து பூ வச்சுக்கிட்டு இருந்தா. டப்பாவை அவ மடியில வச்சேன். இதுல நான் எங்கடின்னேன்.

"டாக்டர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாருல்ல."

"சத்தத்தைத்தானே சொன்னாரு. என்னையவா சொன்னாரு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருந்துச்சு"ன்னா. கோவமாச் சொல்லலை. ஹேர்பின்னை வாயில வச்சுக்கிட்டு, கறிக்கு உப்புப் போட்டாச்சான்னு கேட்டாப் பதில் சொல்ற மாதிரி சொன்னா.

"நான் கேக்கலைன்னா டூயட்ல உன் வரியைச் சரியா எப்படி எடுக்கிற?"

"நீங்க பாடுறப்ப தொண்டையில அந்த எலும்பு ஏறி இறங்கும். அது நின்னதும் நான் எடுப்பேன்."

அவ வச்ச கண்ணு வாங்காமப் பார்த்தான்னு சொன்னேன்ல, அது அதுக்குத்தானாம். வலிச்சுது தம்பி. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, நல்லா வலிச்சுது. அன்னைக்கு நான் பந்திக்குப் போகலை. அவளே ஒரு தட்டுல போட்டுக் கொண்டு வந்து வச்சா. வச்சுட்டுக் கேக்கிறா, "உங்க காதுல நான் இருக்கேனா?"ன்னு. அது வேற விஷயம்னேன். வேற விஷயம்தானே? நான் லீடு சிங்கர். டிரைவருக்கு ரோடு தெரிஞ்சாப் போதும், பின்னாடி சீட்டுல யாரு இருக்கான்னு எதுக்குத் தெரியணும்? இதைச் சொன்னேன். அவ தட்டை என் பக்கம் தள்ளிட்டுப் போயிட்டா. சரியான பதில் சொன்னா பொம்பளைங்க நிக்க மாட்டாங்க.

அப்பத்தான் நான் ஒரு முடிவு எடுத்தேன். வேடசந்தூர் பக்கம் ஒரு ஊர்ல அடுத்த கச்சேரி, போன ஞாயித்துக்கிழமை. நான் முன்னாடியே போய் ஜெகனைப் பிடிச்சேன். பாஸ்வேர்டை மாத்துடா, இனிமே எவனும் போன்ல கை வைக்கக் கூடாது, எல்லார் காதுலயும் என் குரல், முழுசான்னேன். "அண்ணே, ஒரு தடவை யோசிச்சுக்கங்க"ன்னான். யோசிக்கிறதுக்குத்தான்டா குழுவுக்கு ஒரு தலைவன் இருக்கான்னேன். "அக்காவுக்குமா? அவங்க காதுக்கு ஆகாதே"ன்னான். அவளுக்கு மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் தணிச்சு வை, ஆனா நான் இருக்கணும்னேன். பாருங்க, அந்தக் கோவத்துலயும் நான் அவ காதை மறக்கலை.

நல்ல கூட்டம். முதல் பாட்டு சாமி பாட்டு, பொற்கொடி தனியாப் பாடினா, நான் வாயைத் திறக்கலை, ஒண்ணும் தெரியலை. ரெண்டாவது டூயட். பல்லவி எடுத்தேன். எடுத்த வேகத்துக்கு எட்வின் கீபோர்டுலேருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான், பாம்பை மிதிச்சவன் மாதிரி. சிக்கந்தர் காதைத் தொட்டுப் பார்க்கிறான். பொற்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன், ஆமா நான்தான், உள்ள வந்துட்டேன்னு.

இனிமே நல்லா வாசிப்பாய்ங்கன்னு பார்த்தா, என்ன ஆச்சுங்கிறீங்க? நான் ஒரு இடத்துல கொஞ்சம் இழுத்துப் பாடுவேன், அது என் பாணி. சிக்கந்தர் காதுல நான் முழுசா இருக்கேன்ல, அவன் எனக்காக மெதுவாக்கினான். அவன் மெதுவாகவும் எட்வின் மெதுவானான். கீபோர்டு மெதுவா வருதேன்னு நான் இன்னும் இழுத்தேன். நான் அவைங்களுக்காக நின்னேன், அவைங்க எனக்காக நின்னாய்ங்க. குத்துப் பாட்டாத் தொடங்கினது, சரணத்துக்குப் போறதுக்குள்ள பாடை தூக்குற நடைக்கு வந்திருச்சு. இதுல சுருதி வேற ஆளுக்கு ஒரு பக்கம். நான் இருந்த இடத்துலதான் இருந்தேன், அவைங்கதான் போயிட்டாய்ங்க.

கீழ பசங்க வாயில விரலை வச்சு விசிலடிக்கிறாய்ங்க. சத்தம் எனக்குக் கேக்கலை, கண்ணுலதான் பார்த்தேன். அடேயப்பா, இவ்வளவு வரவேற்பான்னு நான் கையை ஆட்டினேன். அவைங்களும் கையை ஆட்டினாய்ங்க, போ போன்னு ஆட்டினதாப் பின்னாடி சொன்னாய்ங்க. இருக்கட்டும், ஊருக்கு ஊரு பழக்கம் வேற.

அப்பப் பொற்கொடி ஒரு காரியம் பண்ணினா. ரெண்டு காதுலேருந்தும் குமிழைப் பிடுங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. திரும்பி சிக்கந்தரைப் பார்த்துத் தொடையில தாளம் தட்டிக் காட்டினா. அவனும் பிடுங்கினான். எட்வின் பிடுங்கினான். கிதார்க்காரன் பிடுங்கினான். ஒவ்வொருத்தனாப் பிடுங்குறதை நான் பார்த்துக்கிட்டே பாடுறேன். மரியாதைன்னு ஒண்ணு இருந்தா பாட்டு நடுவுல இப்படிப் பண்ணுவாய்ங்களா? ஆனா நான் நிறுத்தலை. என் காதுல என் குரல் எக்கோவோட ஜம்முன்னு வருது. அவ்வளவு நல்லா நான் பாடினதே இல்ல.

கூட்டம் மெல்ல உட்கார்ந்துச்சு. விசிலு நின்னுச்சு. கலைஞ்சு போனவங்க திரும்பி வந்து நின்னாங்க. ஆகா, மடக்கிட்டோம்னு நினைச்சேன். கடைசிச் சரணம் என்னோடது. ஆம்பளை வரி. கண்ணை மூடி எடுத்தேன், நாலு வரி போயிருக்கும், கண்ணைத் திறந்து பக்கத்துல பார்க்கிறேன், பொற்கொடி வாய் அசையுது. என் வரிக்கு அசையுது தம்பி. என் வரியை அவ பாடிக்கிட்டு இருக்கா. கண்ணு என் மேல இல்ல, கூட்டத்து மேல இருக்கு.

ஜெகன் வெளி ஸ்பீக்கர்ல என் மைக்கை எப்பவோ மூடிட்டான். வெளியில மூடினாலும் காதுக்கு வர்றது வந்துக்கிட்டே இருக்குமாம், அது தனி வழியாம். நான் பாடுறது எனக்கு மட்டும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. மலிவு சாமான் வாங்கினா இப்படித்தான் கூத்து வரும். இதைத்தான் கடைக்காரன்கிட்டக் கேக்கப் போறேன்.

அவ முடிச்சா. அத்தனை பேரும் எந்திரிச்சுட்டாங்க. பொம்பளைங்க, பிள்ளைங்க, முன்வரிசையில கமிட்டிக்காரங்க, எல்லாரும் கையைத் தட்டுறாங்க. கை தெரியுது, சத்தம் இல்ல. காதுக்குள்ள நான் மூச்சு விடுற சத்தம்தான் கேக்குது, எக்கோவோட. பொற்கொடி சிரிக்கிறா. அப்படி அவ சிரிச்சு நான் பார்த்ததில்ல. இல்ல, கல்யாணமான புதுசுல பார்த்திருக்கேன்.

குமிழைக் கழட்டியிருக்கலாமேன்னு கேக்கிறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கிறாய்ங்க. ஒரு விரலாலத் தட்டினா விழுந்திரும், அவ்வளவு லேசாத்தான் மாட்டியிருக்கும். கை காது வரைக்கும் போச்சு. கழட்டினா அவளுக்குத் தட்டுற சத்தம் கேக்கும்ல. அது எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சு போயிரும்ல. நான் இதுக்கு முன்னாடி வாங்கின கைதட்டு எல்லாம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் தம்பி.

பயந்துட்டேன். கூட்டம் உட்கார்ற வரைக்கும் நான் கழட்டவே இல்ல.